மத்தியானக் கட்டத்தில் 20.9

போன மாதம் ஹேமா போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்த பாதுகாப்பு அதிகாரி அவர்.

"சார், பெர்மிட் எல்லாம் இப்போ மொபைல் ஆப்ல வந்துடுச்சு. தொட்டிக்குள்ள இறங்கற பெர்மிட்டைத் திறந்தா, ஆக்சிஜன் கட்டத்துல ஏற்கெனவே 20.9-னு சாம்பல் கலர்ல இருக்கு. ஓகே அழுத்தினா கறுப்பாயிடுது."

"யார் வெச்சது?"

"சாஃப்ட்வேர்காரங்கதான். ஏன்னு கேட்டேன். பழைய பெர்மிட்டுகளைப் பார்த்து வெச்சோம், எல்லாத்துலயும் அதே நம்பர்தானே இருந்துதுன்னு சொல்றாங்க." கொஞ்சம் தயங்கினார். "அதெல்லாம் உங்க கையெழுத்து சார்."

பாதுகாப்பு வார மலருக்கு இதைப் பற்றி நான் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். வழக்கமாக அந்த மலரில் ஓய்வு பெற்றவர்கள் தலைக்கவசத்தின் மகிமையைப் பற்றி எழுதுவார்கள். என்னால் அது முடியாது. ஒரு மனிதர் செத்திருக்க வேண்டிய மத்தியானத்தைப் பற்றித்தான் எழுத முடியும். அதற்குக் கடலுக்கு அடியில் கொஞ்ச நேரம் போய்விட்டு வர வேண்டும்.

முதலில் அந்த எண். சுத்தமான காற்றில் ஆக்சிஜன் நூற்றுக்கு 20.9 பங்கு. 19.5-க்குக் கீழே போனால் யாரும் உள்ளே இறங்கக் கூடாது. மூடிய தொட்டிக்குள் ஆள் இறங்குவதற்கு முன் காற்றை மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடங்களில் அளக்க வேண்டும். காற்றூதி ஓட வேண்டும். இறங்குகிறவர் இடுப்பிலும் தோளிலும் வார் கட்டி, அதன் கயிறு மேலே நிற்கும் ஆளின் கையில் இருக்க வேண்டும். மேலே நிற்கிறவர் எக்காரணம் கொண்டும் உள்ளே குதிக்கக் கூடாது. சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு எல்லாவற்றையும் மறுபடி அளந்து, இரண்டு மணிக் கட்டத்தில் எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் என் கையெழுத்து. வெள்ளைத் தாள் வேலை நடக்கும் இடத்துக்கு, மஞ்சள் சூப்பர்வைசருக்கு, இளஞ்சிவப்பு எனக்கு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சொல்வதில் எனக்கு எப்போதுமே குறை இருந்ததில்லை.

வேதியியலில் பட்டம், பிறகு தொழிற்பாதுகாப்பில் டிப்ளமோ, இரண்டு வருடம் ஒரு சீனியருக்குப் பின்னால் ஏணி பிடித்துக்கொண்டு நடந்தது. என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான். அதன்பின் இருபத்தெட்டு வருடங்கள் அதே ரசாயனத் தொழிற்சாலை. செங்கல்பட்டில் வீடு, ஜி.எஸ்.டி சாலையில் கம்பெனி பஸ்.

ஐம்பத்தைந்தாவது வயதில் எனக்கு வளர்ச்சி தேவைப்பட்டது. நானாகக் கேட்கவில்லை. ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் 'தனிநபர் வளர்ச்சிக்காக இவ்வாண்டு செய்தது' என்று ஒரு கட்டம் உண்டு. ஒவ்வொரு வருடமும் 'நேர மேலாண்மை குறித்த நூல்கள் வாசித்தேன்' என்று எழுதுவேன். வாசித்ததில்லை. யாரும் கேட்டதும் இல்லை. அந்த வருடம் வந்த புதிய மனிதவள அதிகாரி, சான்றிதழ் இணைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். அலுவலகமே யோகா வகுப்பில் சேர்ந்தது. எனக்குக் கொஞ்சம் எரிச்சல். அந்த ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போகும் வழியில், ஒரு மீனவர் குப்பத்துக்கு முன்னால், கடலடி நீச்சல் கற்றுத்தரப்படும் என்ற பலகையைப் பார்த்தேன். படிவத்தில் அதை எழுதினால் அந்த அதிகாரியின் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் சேர்ந்தேன். படாளம் பக்கத்துக் கிணறுகளில் பழகிய நீச்சல் கைவசம் இருந்தது.

பயிற்சியாளர் தேசிங்கு. அதே குப்பத்துக்காரர். அப்போது நாற்பதுக்கு உள்ளே வயது. படகுகளின் அடிப்பக்கம் சுரண்டுவதற்கும், அறுந்து போன வலைகளை எடுப்பதற்கும் இறங்கி இறங்கி, பிறகு முறையாகப் படித்துப் பயிற்சியாளர் ஆனவர். நான் அவரை மாஸ்டர் என்பேன். அவர் என்னை சார் என்பார். அடிப்படைப் பயிற்சியின் எழுத்துத் தேர்வில் எல்லாக் கேள்விகளுக்கும் சரியாக எழுதியிருந்தேன். தாளைப் பார்த்தார்.

"புக்க மொத்தமா முழுங்கிட்டீங்க. தண்ணிக்குள்ள அத்த வாந்தி எடுக்காம இருந்தா சரி சார்."

அடிப்படை முடிந்து சான்றிதழ் வந்தது. மனிதவள அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அழகுக்காகவே அடுத்த கட்டத்துக்கும் பணம் கட்டினேன். உயர்நிலைப் பயிற்சி. ஐந்து முழுக்குகள். திசைகாட்டி வைத்துக் கடலடியில் வழி கண்டுபிடிப்பது ஒன்று, தொலைந்த பொருளைத் தேடி எடுப்பது ஒன்று, இப்படி. அவற்றில் கடினமானது ஆழ முழுக்கு.

தேசிங்கு பாராட்ட மாட்டார். திட்டவும் மாட்டார். உபகரணத்தைப் பூட்டும்போது ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். காற்று சிலிண்டரில், மூச்சு இழுக்கும் கருவியான ரெகுலேட்டரைப் பொருத்தி, வால்வை முழுக்கத் திறப்பார். பிறகு வாயில் வைத்து நான்கு மூச்சு இழுப்பார். அந்த நான்கு மூச்சிலும் அவருடைய கண் காற்றின் அழுத்தம் காட்டும் கேஜின் முள் மேலேயே இருக்கும். வால்வு அரைகுறையாகத் திறந்திருந்தால் மூச்சு இழுக்கும்போது முள் கீழே விழுந்து எழும். கரையில் நின்று பார்த்தால் கேஜ் 200 காட்டும், எல்லாம் சரி என்று தோன்றும். மூச்சு இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆயிரக்கணக்கான தடவை செய்தவர் அவர். ஆனாலும் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேஜைப் பார்ப்பவர் போல அதைப் பார்ப்பார். எனக்கு அது கொஞ்சம் நாடகமாகப் பட்டது.

தண்ணீருக்குள் அவர் அடிக்கடி கேட்பது ஒரே கேள்வி. இரண்டு விரலால் உள்ளங்கையைத் தட்டுவார். காற்று எவ்வளவு? நாம் கேஜைப் பார்த்து விரல்களால் எண்ணைக் காட்ட வேண்டும். சிலிண்டர் நிறைந்திருந்தால் 200. 100 ஆனால் திரும்ப வேண்டும். படகு ஏறும்போது 50 மிச்சம் இருக்க வேண்டும்.

ஆழ முழுக்கு ஏப்ரல் மாதத்து ஞாயிறு. விடியற்காலையில் திருக்கழுக்குன்றம் வழியாக வண்டியில் வந்து, ஆறு மணிக்குப் படகு ஏறினேன். படகை ஓட்டியவர் பலராமன், தேசிங்கின் மச்சான். கரை ஒரு கோடாகத் தேய்ந்த பிறகு நங்கூரம் போட்டார்கள். நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி இறங்கினோம். இருபத்துநான்கு மீட்டர். நம் கடலில் நீலம் எல்லாம் விளம்பரத்தில்தான். கீழே கலங்கின மோர் மாதிரி ஒரு பச்சை. நீரோட்டம் இருந்தது. தரையில் நிலைத்து நிற்கவே நான் காலை உதைத்துக்கொண்டிருந்தேன்.

ஆழத்தில் நைட்ரஜன் மூளையை மந்தப்படுத்தும். அதைச் சோதிக்க ஒரு வழக்கம் உண்டு. படகில் வைத்து ஒரு கணக்கைப் போடச் சொல்வார்கள். அதே மாதிரி ஒன்றைக் கீழேயும் சிலேட்டில் போட வேண்டும். படகில் பதினெட்டு விநாடி ஆனது எனக்கு. கீழே பதினைந்து. பெருமையாகச் சிலேட்டைத் திருப்பிக் காட்டினேன். தேசிங்கு தலையாட்டிவிட்டு, உள்ளங்கையைத் தட்டினார்.

இறங்கிப் பதினான்கு நிமிடம். இந்த ஆழத்தில் ஒரு நிமிடத்துக்கு எனக்கு எவ்வளவு செலவாகும் என்பதை முந்தின வாரமே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஒரு விரல், பிறகு இரண்டு விரல். 120.

அவர் என்னையே பார்த்தார். பிறகு என் இடுப்போரம் தொங்கிய கேஜை எடுத்து, கண்ணாடிக்கு முன்னால் பிடித்துக் காட்டினார்.

70.

நான் கணக்குப் போட்டது அசையாமல் மிதக்கிறவனுக்கு. நீரோட்டத்தில் உதைத்துக்கொண்டிருந்தவனுக்கு இல்லை. தேசிங்கு கட்டை விரலை உயர்த்தினார். ஏறு என்று அர்த்தம். நிதானமாக ஏறினோம். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும், நின்றோம். அந்த மூன்று நிமிடமும் அவர் என் கேஜைத் தன் கையில் வைத்திருந்தார். ஒரு நோயாளியின் நாடியைப் பிடித்திருப்பது போல.

படகில் ஏறியதும் முதலில் பேசியது நான்தான். "நைட்ரஜன் போதையா இருக்கும் மாஸ்டர்."

"போதைன்னா நம்பரு தாறுமாறா வரும் சார். உங்களுக்கு நல்ல நம்பராத்தான் வந்துச்சு. இன்னா, மீட்டர்ல அது இல்ல."

"கணக்குப்படி 120 இருந்திருக்கணும்."

தேசிங்கு காலில் மாட்டியிருந்த துடுப்புகளைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "எவ்ளோ இருக்கணும்னு எனுக்கும் தெரியும் சார். எவ்ளோ கீதுன்னுதான் கேட்டேன்."

பலராமன் நங்கூரத்தை இழுத்துக்கொண்டே, "சாருக்கு மீட்டரே வேணாம்பா. மண்டையிலியே ஒண்ணு ஓடிகினு கீது," என்றார்.

"நீ கயித்த இழு மச்சான்," என்றார் தேசிங்கு.

கரையில் என் பதிவுப் புத்தகத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "இந்த டைவு சேராது சார். இன்னொரு தபா வாங்க." அத்தனை வருடங்களாக மற்றவர்களுக்குக் கையெழுத்து மறுத்தவன் நான். முதல் முறையாக எனக்கு ஒருவர் மறுத்தார். வீடு போகும் வழியெல்லாம் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டு போனேன்.

இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை. கழிவுநீர் சேகரிப்புத் தொட்டியைச் சுத்தம் செய்யும் வேலை. நான்கு மீட்டர் ஆழம், மேலே ஆள் நுழையும் அளவுக்கு ஒரு வாய். இறங்குகிறவர் எட்டியப்பன், செய்யூர் பக்கத்திலிருந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளி. காலையில் முறைப்படி மூன்று இடங்களில் அளந்தேன். எல்லாம் 20.9. கட்டத்தில் எழுதினேன். கையோடு கையாக இரண்டு மணிக் கட்டத்திலும் 20.9 என்று எழுதினேன்.

இதை மறைக்க எனக்கு வழியில்லை, ஹேமாவிடம் தாள்களே இருக்கின்றன. காலை அளவு உண்மை. மத்தியான அளவு என் வழக்கம். எப்போது தொடங்கியது என்று நினைவில்லை. காற்றூதி ஓடும், காலையில் நன்றாக இருந்த காற்று மத்தியானமும் நன்றாகத்தான் இருக்கும், மறுபடி கருவியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அவ்வளவு தூரம் நடப்பானேன். எவ்வளவு இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு மணிக்குத் தொட்டி வாயருகே நின்றேன். எட்டியப்பன் வார் கட்டித் தயாராக இருந்தார். மேலே நிற்கும் ஆள் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் பெர்மிட்டை நீட்டினார். என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பேனாவை எடுத்தேன்.

"போவட்டா சார்?" என்றார் எட்டியப்பன்.

தாளில் 20.9 என்று இருந்தது. நான் எழுதியதுதான், தெளிவாக. எனக்கு அந்த எழுபது ஞாபகம் வந்தது.

"ஒரு நிமிஷம் இருங்க. கருவியை எடுத்துட்டு வரேன்."

"காத்தாலதான் பாத்தீங்களே சார். லேட்டாப் போனா அஞ்சே முக்கால் பஸ் பூடும்."

"பூடட்டும்."

அலுவலகத்துக்கு நடந்து போய், கருவியை எடுத்து, வெளிக்காற்றில் சரிபார்த்துக்கொண்டு வந்தேன். பத்து நிமிடம். எட்டியப்பன் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டிருந்தார். குழாயை இறக்கினேன். மேலே 20.8. நடுவில் 20.1. அடியில் விட்டதும் கருவி அலறத் தொடங்கியது. ஆக்சிஜன் 16.2. கூடவே ஹைட்ரஜன் சல்ஃபைடு, ஆளைச் சாய்க்கும் அளவில்.

காரணம் சின்னதுதான். ஏணியில் ஏறுவதற்கு இடைஞ்சலாக இருந்தது என்று, சாப்பிடப் போகும்போது காற்றூதியின் குழாயைப் பாதிக்கு மேல் இழுத்துவிட்டிருக்கிறார்கள். காற்றூதி ஓடிக்கொண்டுதான் இருந்தது. மேல் காற்றை மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது. காலையில் கிளறிவிட்ட சேறு அடியில் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

எட்டியப்பன் காலை மெதுவாக வெளியே எடுத்தார். குனிந்து மோந்து பார்த்தார்.

"நாத்தம்கூட இல்லியே சார்."

"அடியில இருக்கு. கிட்டப் போனா முதல்ல மூக்கைத்தான் மரத்துப்போக வைக்கும்."

அவர் வாரின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். "பஸ்ஸு கெடைக்கும் போலகீது," என்றார்.

பெர்மிட்டில் பிழை திருத்தவும் விதி உண்டு. அழிக்கக் கூடாது, மேலே எழுதக் கூடாது. ஒரே கோடு போட்டு அடிக்க வேண்டும். அடித்த எண் படிக்க முடிய வேண்டும். பக்கத்தில் சரியான எண், நேரம், சுருக்கக் கையொப்பம். அப்படியே செய்தேன். கோட்டுக்கு அடியில் 20.9. பக்கத்தில் 16.2.

மேனேஜர் மென்மையான மனிதர். யாரைக் கூப்பிட்டாலும் முதலில் உட்காரச் சொல்வார், டீ வரவழைப்பார், அதற்குப் பிறகுதான் விஷயம். டீ வந்தது.

"ஒண்ணும் ஆகலையே. இதைக் கிழிச்சிட்டுப் புதுசா ஒண்ணு போட்டுடுங்களேன்."

"நடக்க இருந்த விபத்துக்கு ரிப்போர்ட் எழுதணும் சார்."

எழுதினேன். அந்தப் படிவத்தில் 'எப்படிக் கண்டறியப்பட்டது' என்று ஒரு கட்டம். 'மதிய அளவு, அளப்பதற்கு முன்பே என்னால் எழுதப்பட்டிருந்தது. கையெழுத்திடும் முன் ஐயம் ஏற்பட்டு அளந்தேன்.' மேனேஜர் அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ரிட்டயர்மெண்டுக்கு ஒன்றரை வருஷம் இருக்கு. இந்த முதல் வரி அவசியமா?"

"அதை எடுத்துட்டா நான் ரொம்ப விழிப்பானவன்னு ஆயிடும் சார்."

"ஆகட்டுமே. யாருக்கு நஷ்டம்?"

நான் வரியை எடுக்கவில்லை. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. மூன்று மாதத்துக்கு என் கையெழுத்துக்குக் கீழே இன்னொருவர் கையெழுத்தும் வேண்டும் என்று உத்தரவானது. அந்த இன்னொருவர் என்னிடம் ஏணி பிடித்தவர். அவருக்குத்தான் என்னைவிடக் கூச்சம். அந்த வருட மதிப்பீட்டில், தனிநபர் வளர்ச்சிக்கு எதிரே மேனேஜர் 'திருப்தி' என்று எழுதியிருந்தார். கிண்டலா என்று இன்றுவரை தெரியாது.

அந்த மூன்று மாதத்தில் ஒரு காரியம் செய்தேன். ஆவண அறையில் என் பழைய பெர்மிட்டுகளை எடுத்துப் பார்த்தேன். இளஞ்சிவப்புத் தாள்கள் வெளுத்து வெள்ளையாகிக்கொண்டிருந்தன. மத்தியானக் கட்டத்தில் 20.9, 20.9, 20.9. அத்தனை பேரும் ஏறி மேலே வந்தார்கள் என்பதில் என் திறமை எதுவும் இல்லை.

ஒரு தாளில் குறிப்பு இருந்தது. 'பிற்பகல் 2.40. ஏழுமலை, ஒப்பந்தத் தொழிலாளி, ஏணியில் மயக்கம். வெறும் வயிறு. ஓய்வு அளிக்கப்பட்டது.' என் எழுத்து. டீயும் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்தது நினைவிருக்கிறது. முகம் நினைவில்லை. வெறும் வயிறு என்று அவர் சொன்னாரா, நானே எழுதிக்கொண்டேனா என்பதும் நினைவில்லை. அதற்குப் பிறகு எந்தத் தாளிலும் அவர் பெயர் இல்லை. ஒப்பந்தக்காரர் எப்போதோ தொழிலை விட்டுப் போய்விட்டார். எட்டியப்பனிடம் கேட்டேன்.

"எந்த ஏழுமல சார்? எங்கூர்லியே பதினோரு பேர் கீறாங்க."

அடுத்த மாதம் ஆழ முழுக்கை மறுபடி செய்தேன். கீழே தேசிங்கு உள்ளங்கையைத் தட்டினார். கேஜை எடுத்தேன், பார்த்தேன், காட்டினேன். 130. அன்றைக்கு நீரோட்டம் இல்லை. என் கணக்கும் 130 என்றுதான் சொன்னது. கரைக்கு வந்ததும் பதிவுப் புத்தகத்தை அவரே கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். எட்டியப்பன் கதையை அவரிடம் சொல்ல நினைத்தேன். அவர் அடுத்த ஆளுக்கு ரெகுலேட்டரைப் பூட்டி, முள்ளைப் பார்த்தபடி மூச்சு இழுக்கத் தொடங்கியிருந்தார். இடைமறிக்க மனம் வரவில்லை.

இதையெல்லாம் சுருக்கமாக ஹேமாவிடம் போனில் சொல்லி, அந்தச் சாம்பல் நிற எண்ணை எடுத்துவிட்டுக் கட்டத்தைக் காலியாக வைக்கச் சொன்னேன். காலியாக இருந்தால் ஆப் ஏற்றுக்கொள்ளாதாம். சண்டை போட்டு மூன்று வாரத்தில் மாற்ற வைத்துவிட்டார். இந்த விஷயத்தில் அவர் என்னைவிடக் கெட்டிக்காரர். நான் மூன்று வாரம் சுற்றறிக்கைதான் எழுதியிருப்பேன்.

நேற்று இரண்டு மணி வாக்கில் போன். பின்னணியில் காற்றூதியின் இரைச்சல்.

"சார், இப்பதான் ரீடிங் எடுத்தேன். மூணு இடத்துலயும்." குரலில் ஒரு சின்ன ஏமாற்றம். "20.9 சார். அதே நம்பர்தான்."

"பார்த்துட்டுதானே சொல்றீங்க?"

"கையில வெச்சுப் பார்த்துட்டிருக்கேன் சார்."

பெர்மிட் வேலை நடக்கும் இடத்தில் கைப்பேசியில் பேசக் கூடாது என்பது விதி. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"போவட்டா மேடம்?"

"போங்கண்ணே," என்றார் ஹேமா.

இரும்பு ஏணியில் கால் வைக்கும் சத்தம் கேட்டது. கைப்பேசி விதியை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இணைப்பைத் துண்டித்தேன்.